பெல்மாண்ட்டுக்குப் போன ஆம்புலன்ஸ்

கோர்போ மேடு,
போர்ட் ஆஃப் ஸ்பெயின்

அன்பு மகள் வெர்லினுக்கு,

நடந்த அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான் என்பதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் நலம் விசாரிக்கிறேன். நான் சொன்னபோது ஒருவரும் காது கொடுக்கவில்லை, உன் அம்மாவும் சேர்த்துத்தான், அது போகட்டும். ப்ரூக்ளின் குளிரில் உன் உடம்பு சொன்னபடி கேட்கிறது என்று நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன், என் முழங்கால் இருக்கிறது, மழைக்குப் பிறகும் கூரை இருக்கிறது. உன் தங்கை ஜெனெலும் இருக்கிறாள், ஆனால் அவள் இன்னும் எத்தனை நாள் இருப்பாள் என்பது இப்போது உன் கையில் வந்து நிற்கிறது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். இதைப் போனில் சொல்ல முடியாது. என் கண்ணாடி உடைந்ததிலிருந்து போனில் வருவதையெல்லாம் ஜெனெல்தான் எனக்குப் படித்துச் சொல்கிறாள், நீ பேசி அனுப்புகிற குரலையும் அவள்தான் அழுத்திப் போடுகிறாள். எழுதுவதற்கு எனக்குக் கண் வேண்டாம், கை போதும், வரி மேலே ஏறிக் கீழே இறங்கினால் பொறுத்துக்கொள். நீ போன வாரம் ஒரு குரல் அனுப்பினாயே, "எங்கம்மாவக் கொன்னவன் எவனா இருந்தாலும் அவன் பேரு எனக்கு வேணும் மாமா, அவனைக் கோர்ட்டு வாசல்ல நிறுத்தாம விடமாட்டேன்" என்று, அதை அவளே அழுத்தி அவளே கேட்டாள். கடைசி வரை கேட்டாள். கேட்டு முடித்து, போனை என் மடியில் வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் பழைய கல்குவாரிப் பக்கம் நடந்து போனாள். கொத்தனார் ராவ்ல் எதிரே வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தில் எழுத வேறு விஷயம் இருந்திருக்கும்.

ஆம்புலன்ஸ்காரர்கள் நம் மேட்டுக்கு வர மறுத்தார்கள், அதனால் அம்மா செத்தாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ மட்டுமா, ஊரே அப்படித்தான் நினைத்தது, நானே டிவியில் அப்படித்தான் பேசினேன். டாக்சிக்காரன் சந்திப்பிலேயே இறக்கிவிட்டு ஓடுகிறான், மின்சார ஆள் போலீஸ் துணை இல்லாமல் கம்பத்தில் ஏறமாட்டேன் என்கிறான், நகரத்தில் எங்கே ஒருத்தன் சுடப்பட்டாலும் பேப்பர்காரன் முதல் வரியில் கோர்போ மேடு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுகிறான், கார்னிவல் வந்தால் மட்டும் நம் பையன்களின் ஸ்டீல் டிரம்மைக் கேட்க மந்திரி மனைவிகள் நாற்காலியோடு வருகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு ஆம்புலன்ஸ் வரவில்லை என்றால் யார் என்ன நினைப்பார்கள். ஆனால் மகளே, ஆம்புலன்ஸ் வந்தது. கூப்பிட்ட உடனே கிளம்பி, விளக்குப் போட்டுச் சத்தம் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக் காலி ரோட்டில் பறந்து வந்தது. பெல்மாண்ட்டுக்கு வந்தது. மிஸ் பெர்னடெட் வீட்டு வாசலுக்கு.

அந்த முகவரி உனக்கும் மனப்பாடம்தானே. உன் பள்ளிக்கூடச் சேர்க்கையில் அதுதான், உன் விசா காகிதத்தில் அதுதான், நீ கிறிஸ்துமஸுக்குச் சாமான் நிரப்பி அனுப்புகிற பீப்பாய் இன்றைக்கும் அங்கேதான் வந்து இறங்குகிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் யார், நான். துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுத்தபோது கோர்போ மேடு என்று சொன்னவனையெல்லாம் இடது பக்க வரிசையில் நிற்க வைத்து அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள், நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி பெல்மாண்ட் என்றேன், வலது பக்கம் போனேன், அடுத்த வாரமே மேஸ்திரி ஆகிவிட்டேன். அந்தக் காலத்தில் பெர்னடெட் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள், முகவரி ஒன்று தந்தால் போதும் கண்ணே, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு ராவ்ல் கேட்டான், அவன் அக்கா கேட்டாள், தையல்காரி தெல்மா கேட்டாள், பிறகு மேடே கேட்டது. காகிதப்படி பார்த்தால் அந்த வீட்டில் ஒரு படைப்பிரிவே குடியிருக்கிறது, தேர்தல் வந்தால் பெர்னடெட் வீடு ஒன்றே ஒருத்தனை ஜெயிக்க வைத்துவிடும். அவளும் யாரையும் இல்லை என்று சொன்னதில்லை. கம்பெனிக்காரன் எவனாவது வந்து இன்னார் இங்கே இருக்கிறாரா என்று விசாரித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். "ஆமாங்க, இங்கதான் இருக்காங்க, இப்பதான் வெளிய போனாங்க." அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை வேண்டாம். இந்த ஒரு வாக்கியத்தால் நம் மேட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள். ஆனால் அன்றைக்கே நான் உன் அம்மாவிடம் சொன்னேன், அக்கா, ஒருநாள் இது நம்மையே திரும்பிக் கடிக்கும் என்று.

உன் அம்மா மட்டும் கடைசி வரை அந்த முகவரியைத் தொடவில்லை. ஒக்டேவியாவிடம் முகவரி கேட்டால் கோர்போ மேடு என்றுதான் வரும், அதனால்தான் ஆயுள் முழுக்க அடுத்தவர் துணியைத் துவைத்தாள். ஜெனெலுக்கும் அவளுக்கும் இதில்தான் ஓயாத சண்டை. பல் டாக்டர் வீட்டு வரவேற்பு மேசையில் ஜெனெல் உட்கார்ந்த நாளிலிருந்து அங்கே எல்லோருக்கும் அவள் பெல்மாண்ட் பெண். சாயங்காலம் கூட வேலை செய்கிறவள் காரில் கொண்டுவந்து விடுவாள், இவள் பெர்னடெட் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போய், படியில் நின்று கையசைத்து, கார் திரும்புகிற வரை சாவி தேடுவது போல நிற்பாள், அப்புறம் பின்பக்கச் சந்து வழியாக வெளியே வந்து மேடு ஏறுவாள். மழையானாலும் அதே கதைதான். அக்கா வாசலில் நின்றுகொண்டு, "வாங்கம்மா வாங்க, பெல்மாண்ட்ல எல்லாரும் சௌக்கியமா, உங்கம்மா அங்க நல்லா இருக்காளா" என்பாள். ஜெனெல், "இரும்மா, ஒருநாள் நெசமாவே ஒன்ன அங்க கொண்டுபோய் வைக்கிறேன்" என்பாள். இப்படியே தினமும். நானே அந்தக் கூத்தைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் கலலூ கீரை கொதித்துக்கொண்டிருந்தது. நானே கடலில் இறங்கிப் பிடித்த நண்டு கொண்டு வந்திருந்தேன், ஒவ்வொன்றும் தட்டு அகலம். அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "கத்பெர்ட், இதக் கடல்ல பிடிச்சியா இல்ல மார்க்கெட்டுல பிடிச்சியா" என்றாள், நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவள் அகப்பையைக் கீழே போட்டாள். போட்டது அகப்பையை மட்டும் அல்ல. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேசையைப் பிடிக்கப் போய்ப் பிடிக்காமல், தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜெனெலின் காலடியில் விழுந்தாள். ஜெனெல் கத்தவில்லை. கையைப் பாவாடையில் துடைத்து, போனை எடுத்து, வேலை செய்யும் இடத்தில் பேசுகிற அந்த நிதானமான குரலில் பேசினாள். பெயர் சொன்னாள், வயது சொன்னாள், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது என்று சொன்னாள், முகவரி சொன்னாள். நான் பக்கத்தில் அக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. பெல்மாண்ட் என்றதும் விழுந்தது. எனக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. நான் பேசியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், நீ பேசியிருந்தாலும் அதுதான், இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்.

பேசி முடித்ததும் போனை அடுப்பு மேடையிலேயே போட்டுவிட்டு, வழிகாட்டக் கையில் துண்டோடு படிகளில் இறங்கிச் சந்திப்புக்கு ஓடினாள். வண்டிக்காரன் பயந்து திரும்பிவிடக் கூடாதே என்று நடு ரோட்டில் நின்று அந்தத் துண்டை ஆட்டிக்கொண்டே இருந்தாளாம். இங்கே அடுப்பு மேடையில் போன் அடித்தது. நான் அக்கா தலையை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தாலும் அந்தப் போனை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. அங்கே பெல்மாண்ட்டில் என்ன நடந்தது என்பதைப் பிறகு பெர்னடெட்டே வந்து சொன்னாள். பூசை முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாளாம். ரெண்டு ஆட்கள் தூக்குப் படுக்கையோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஒக்டேவியான்னு ஒரு அம்மா இங்க இருக்காங்களா" என்று கேட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு அவள் வாயில் ஒரே பதில்தான். "ஆமாங்க, இங்கதான் இருக்காங்க, இப்பதான் வெளிய போனாங்க" என்றாள். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன், "வெளிய போயிட்டாங்களா, நடந்தா?" என்றான். "ஆமா தம்பி, நல்லாத்தான் நடந்து போனாங்க" என்றாள் அவள், உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. யாரோ விளையாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், திருப்பிக் கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை என்று திட்டிக்கொண்டே அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் பெர்னடெட்டுக்கு அது கம்பெனி வண்டி இல்லை என்பது உறைத்திருக்கிறது.

நான் காத்திருந்து பார்த்துவிட்டு ராவ்லைக் கூப்பிட்டேன். வாசல் கதவைக் கழற்றி அதில் அக்காவைப் படுக்க வைத்து, நாலு பேரோடு படியில் இறக்கினோம், முன் பக்கம் முழுவதும் நான் ஒருத்தனே தாங்கினேன். ராவ்லின் சிமெண்ட் லாரியில் ஏற்றினோம். சந்திப்பில் ஜெனெல் துண்டோடு நின்றிருந்தாள், லாரி நிற்காமல் போவதைப் பார்த்து, "மாமா, இருங்க, இப்ப வந்துருவாங்க, சொல்லியிருக்கேன், வந்துருவாங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். அந்தக் குரல் என் காதிலிருந்து போகமாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்புறம் நடந்தது நீ டிவியில் பார்த்ததுதான். டயர் எரித்தார்கள், ரோட்டை மறித்தார்கள். டிவிக்காரப் பெண் மேடு ஏற மாட்டேன் என்று சந்திப்பிலேயே நின்றுகொண்டு யாராவது பேசுங்கள் என்றாள், எல்லோரும் என்னைத்தான் தள்ளினார்கள், இந்த மேட்டில் வாய் உள்ளவன் நான் ஒருத்தன்தானே. கோட்டு மாட்டிக்கொண்டு போய், ஆம்புலன்ஸ் சந்திப்பு வரை வந்தது, எங்கள் முகத்தைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது, என் ரெண்டு கண்ணால் பார்த்தேன் என்றேன். அது கொஞ்சம் கைச்சரக்குதான். ஆனால் மற்ற நாளெல்லாம் அப்படித்தானே நடக்கிறது, அன்று ஒருநாள் நடக்கவில்லை என்பதற்காக அது பொய் ஆகிவிடுமா.

அடக்கத்துக்கு முந்தின நாள் ரேடியோவில் ஆம்புலன்ஸ் அதிகாரி ஒருத்தர் பேசினார். கடை வாசலில் எல்லோரும் கூடியிருந்தோம், அவரைக் கேலி பண்ணுவதற்கென்றே கூடியிருந்தோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அழைப்பு வந்தது, கொடுத்த முகவரிக்குப் போனோம், பதிவு இருக்கிறது என்று சொல்லி அந்த முகவரியை வாசித்தார். வீட்டு எண், தெரு, பெல்மாண்ட். ஒவ்வொருத்தனும் அடுத்தவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து ரெண்டு பேர் வாளியில் தண்ணீர் கொண்டு போய் எரிகிற டயரை அணைத்தார்கள். யாரும் சொல்லவில்லை. சாம்பலையும் அவர்களே பெருக்கினார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். ஜெனெல் அக்காவுக்குப் போடுவதற்காக அந்த ஊதா கவுனை இஸ்திரி போட்டுக்கொண்டே நம் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி கவுனின் மேலேயே இருந்தது, அவள் கையும் பெட்டி மேலேயே இருந்தது, வீடெல்லாம் கருகின வாசனை. நான்தான் அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்தேன். "வாய் தானா சொல்லிருச்சு மாமா" என்றாள். அதன் பிறகு அவள் பேசியது குறைவு. அக்காவை அந்தக் கவுனில்தான் அடக்கம் பண்ணினோம், கருகின இடத்தை மறைத்துச் சால்வை போட்டோம், பார்த்தவர்கள் ராணி போல இருக்கிறாள் என்றார்கள்.

மேட்டுச் சனங்கள் நல்லவர்கள் என்று நான் உனக்குக் கதை சொல்லப் போவதில்லை. குழாயடியில் தெல்மா எல்லோர் காதிலும் விழும்படி, "பெல்மாண்ட் மகாராணி கூப்பிட்டா ஆம்புலன்ஸ் பெல்மாண்ட்டுக்குத்தானம்மா போகும், நம்ம குடிசைக்கா வரும்" என்றாள். ஜெனெல் குடத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ராவ்ல் அந்தப் பக்கம் போனவன், "தெல்மாக்கா, ஒம்பையன் பள்ளிக்கூடத்துல எந்த அட்ரசு குடுத்திருக்க, சொல்லு பாப்போம்" என்று கேட்டான். அவள் குனிந்து குடத்தை நகர்த்தினாள். "எம்பொண்டாட்டிக்கு வலி எடுத்தப்ப நான் கூப்பிட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன், நீயும் அதத்தான் சொல்லிருப்ப, ஆளாளுக்கு வாய மூடிக்கிட்டுத் தண்ணி பிடிங்க" என்றான். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லைதான், ஆனால் பேசாமல் பார்ப்பது இருக்கிறதே, அதற்கு ராவ்லால் என்ன செய்ய முடியும். பெர்னடெட் துக்க வீட்டுக்கு வந்தாள், அந்த வயதில் அத்தனை படியும் ஏறி, கறுப்புக் காபியைக் கையில் வாங்கி, குடிக்காமல் அக்கா நாற்காலியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். போகும்போது ஜெனெல் பக்கத்தில் நின்று, அவள் தலையைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

ஜெனெல் வேலைக்குப் போகவில்லை. யார் தட்டை நீட்டினாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், ஆறிப் போகும். எங்கே இருக்கிறாள் என்று பார்த்தால் கல்குவாரி விளிம்பில் நிற்பாள், கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவாள், எதிர்ப்பதே இல்லை, அதுதான் எனக்குப் பயம். இப்போது ராவ்ல் பெண்டாட்டியும் நானும் மாற்றி மாற்றிக் கூட இருக்கிறோம். அவளை அசைத்த ஒரே விஷயம் டாக்டர் சொன்னதுதான். ஆஸ்பத்திரியில் அந்த இளம் பெண் டாக்டர் தனியாக என்னைக் கூப்பிட்டு, என் தோளில் கை வைத்து, எனக்கு நாற்காலி போடச் சொல்லி, "மிஸ்டர் கத்பெர்ட், ஒங்க வாசல்லயே ஆம்புலன்ஸ் நின்னிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. தரையில விழுறதுக்கு முன்னாடியே அவங்க போயிட்டாங்க. ஒரு வலியும் தெரிஞ்சிருக்காது" என்றாள். அடக்கம் முடிந்து வந்து இதை எல்லோர் முன்னாலும் ஜெனெலிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "டாக்டரே சொன்னாங்களா மாமா?" என்றாள். இங்கிலாந்தில் படித்த டாக்டர், இதயத்துக்கென்றே படித்தவள் என்றேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக ரொட்டியைச் சூப்பில் தொட்டுச் சாப்பிட்டாள், ரெண்டாவது ரொட்டியும் கேட்டாள்.

இதற்குப் பிறகுதான் உன் குரல் வந்து சேர்ந்தது. அதில் நீ ஒரு வக்கீலைப் பார்த்திருப்பதாகவும், அம்மா எப்போது எப்படி இறந்தாள் என்கிற ஆஸ்பத்திரிக் காகிதத்தை எழுதிக் கேட்கப் போவதாகவும், அது ஜெனெல் பெயருக்கு வந்து சேரும், வந்ததும் அவள் உனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருந்தாய். அதெல்லாம் வேண்டாம் மகளே. அந்த ஆம்புலன்ஸ் பையன்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கோர்ட்டு வாசலில் யாரை நிறுத்த வேண்டும் என்றாய், கடைசியில் உன் தங்கையை நிறுத்துவாய், அவள் பக்கத்தில் பெர்னடெட்டை, அவள் பக்கத்தில் என்னை, எங்கள் பின்னால் இந்த மேடு முழுவதையும். வக்கீலை விட்டுவிடு. அவளுக்குப் போன் பண்ணு. குரல் அனுப்பாதே, நேராகப் பேசு. அம்மா போனதிலிருந்து நீ அவளோடு நேராகப் பேசவே இல்லை, உனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அவள் நினைக்கிறாள், தெரிந்துதான் கூப்பிடவில்லை என்று நினைக்கிறாள். அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று உன்னையும் நீயே அரித்துக்கொள்ளாதே, அங்கே தங்குவதற்கான உன் காகிதம் கைக்கு வராமல் நீ கிளம்பினால் திரும்பிப் போக முடியாது, அக்காவே கிளம்பாதே என்றுதான் சொல்லியிருப்பாள். நீ கூப்பிட்டால் அவள் அழுவாள், அழட்டும், நீயும் அழு, போனை மட்டும் வைத்துவிடாதே.

மற்றபடி இங்கே ரொட்டிப்பழ மரம் இந்த வருஷம் கிளை முறிகிற அளவு காய்த்திருக்கிறது. டிரம் அடிக்கிற பையன்கள் அக்காவுக்காக ஒரு வாரம் வாசிக்காமல் இருந்தார்கள், பிறகு நான்தான் போய், அவளுக்குச் சத்தம் இல்லாத வீடு பிடிக்காது, அடியுங்கள் என்றேன். நீ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிற கிழவி கோபித்துக்கொண்டால் எதிர்த்துப் பேசாதே. ரெண்டு காலுறை போடு. ரொட்டியும் டீயுமாகவே நாளை ஓட்டாதே, அங்கே நம் ஆள் கடைகளில் கீரை கிடைக்கும். இந்தக் கடிதத்தை ராவ்லின் அக்கா கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவள் இந்த வாரம் விமானத்தில் அங்கே வருகிறாள், படித்ததும் கிழித்துவிடு, மறக்காதே. ஆண்டவர் உன் தலைக்கு மேல் கூரையாகவும் காலுக்குக் கீழே தரையாகவும் இருக்கட்டும். உன் அம்மா இடத்தில் நின்று நான் உனக்கு நெற்றியில் முத்தம் தருகிறேன்.

உன்னையும் உன் தங்கையையும் தோளில் தூக்கி வளர்த்த,
மாமா கத்பெர்ட்

கையெழுத்துப் போட்ட பிறகும் மூட மனம் வரவில்லை. நீ ஒக்டேவியா பெற்ற பெண், இவ்வளவு எழுதியும் அந்தக் காகிதத்தைக் கேட்டுத்தான் தீருவாய் என்று எனக்குத் தெரியும், அது வந்தால் ஜெனெல் கையில் வந்து விழும். அதனால் எழுதிவிடுகிறேன். அந்த டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தோளில் கை வைக்கவில்லை, நாற்காலி போடவில்லை, இங்கிலாந்தில் படித்தாளா என்பது எனக்கு எப்படித் தெரியும். குனிந்து எழுதிக்கொண்டே, "ஏங்க இவ்வளவு லேட்டா கொண்டு வந்தீங்க" என்று ஒன்று மட்டும் கேட்டாள். லாரியில் அக்காவுக்கு மூச்சு இருந்தது, ஆஸ்பத்திரி வாசல் வரை என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ராவ்லுக்குத் தெரியும், அவன் சாகிறவரை சொல்லமாட்டான், இப்போது உனக்கும் தெரியும், நாலாவது ஆளுக்குத் தெரிய வேண்டாம். நீ போன் பண்ணினதும் அவள் முதலில் இதைத்தான் கேட்பாள், டாக்டர் சொன்னதை மாமா ஒனக்கும் சொன்னாங்களா என்று. கேட்ட உடனே, மூச்சு வாங்காமல், ஆமா சொன்னார், தரையில் விழுவதற்கு முன்னாலேயே போய்விட்டாளாம் என்று சொல். உனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது, குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் போனை எடுப்பதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, வாய்விட்டு, தடுக்காமல் வருகிற வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொள்.